பார்க்க வந்தவர் எங்கே நிற்க வேண்டும்: ஜப்பானில் கண்ட பாடஆய்வும் பாப்பாக்குடி ஒன்றியத்தில் அதன் முதல் முயற்சியும்

வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஆசிரியர், கண்டவற்றுள் எதைத் தம் வகுப்பறைக்குக் கொண்டுவர முடியும், எது அங்கேயே நின்றுவிடும் என்ற கேள்வியை ஒரே ஒரு நேர்வை வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். திருநெல்வேலி மாவட்டம் பாப்பாக்குடி ஒன்றியத்தில், முக்கூடலை அடுத்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் பணிபுரிகிறேன். ஜப்பானின் சைதாமா மாகாணத்தில் நகராட்சித் தொடக்கப் பள்ளிகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே முதல் வகுப்பில் நடந்த ஒரு கணக்குப் பாடத்தையும், அது முடிந்ததும் நடந்த ஆசிரியர் கூட்டத்தையும் தொடக்கம் முதல் இறுதிவரை உடனிருந்து கவனித்தேன். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பின் கூடிப் பேசும் இந்த முறையே பாடஆய்வு. திரும்பி வந்தபின் எங்கள் குறுவள மையத்து (பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் இடம்) ஆசிரியர்கள் ஒன்றுகூடி அதே வடிவில் ஒரு பாடத்தைத் திட்டமிட்டு நடத்தினோம். இந்த இரண்டு பாடங்களையும் அவற்றுக்கு இடையே எழுந்த தடைகளையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அண்மைக் காலத்தில் நம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வெளிநாடு சென்று பார்த்துவரும் வாய்ப்புகள் கூடியிருக்கின்றன. 'கனவு ஆசிரியர்' தேர்வில் சிறந்து விளங்கியவர்களைப் பள்ளிக் கல்வித் துறை 2024 அக்டோபரில் பிரான்சுக்கு அழைத்துச் சென்றது. இப்படிச் சென்று வந்தவர்கள் கூட்டங்களில் காட்டும் படங்களில் பளபளக்கும் நடைக்கூடமும் நூலகமும் விளையாட்டுத் திடலும் இருக்கும்; பார்த்த ஆசிரியர்கள் வியந்துவிட்டு, "அதெல்லாம் அங்க நடக்கும் டீச்சர், நமக்கு எங்க?" என்று சொல்லிக் கலைந்துபோவார்கள். அந்தச் சொல்லில் சலிப்பு மட்டும் இல்லை, நியாயமும் இருக்கிறது. படத்தில் விழுவது பெரும்பாலும் பணத்தால் ஆனது. அந்தப் பள்ளியை அப்படி ஆக்கிய உழைப்பு எந்தப் படத்திலும் விழுவதில்லை.

இது இன்றைய சிக்கலும் அன்று. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மணலில் எழுதுவதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் தம் பள்ளியில் கையாண்டு, அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்றே பெயர் பெற்று, ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் உட்கார்த்திப் படிக்கவைக்கும் மலிவான ஏற்பாடாக வளர்ந்தது. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறிப் போயின. ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வேகத்தில் போகவிட்ட திண்ணையின் நெருக்கம் போகவில்லை. நம்மிடமிருந்து எடுத்துச் சென்றவர்களுக்கு நேர்ந்ததே நாம் எடுத்து வரும்போதும் நேரலாம் என்பதால், இந்தப் பழைய செய்தியை ஜப்பானுக்குப் புறப்படும் முன்பே மனத்தில் இருத்திக்கொண்டேன்.

பள்ளியும் அனுமதியும்

என் அக்கா மகள் குடும்பத்தோடு சைதாமாவில் வசிக்கிறாள். அவள் பிள்ளை அங்குள்ள நகராட்சிப் பள்ளியில் படிக்கிறான். அவள் வழியாகவே பள்ளி முதல்வருக்கு எழுதி அனுமதி பெற்றேன். எனக்காக மொழிபெயர்த்தவளும் அவளே. ஜப்பானில் கட்டாயக் கல்வி ஆறு ஆண்டுத் தொடக்கப் பள்ளியும் மூன்று ஆண்டு நடுநிலைப் பள்ளியுமாக ஒன்பது ஆண்டுகள். கல்வி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம். ஒரு வகுப்பில் 35 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு முதலில் முதல் வகுப்புக்கு மட்டும் இருந்தது. 2021இல் சட்டத்தைத் திருத்தி, அதைப் படிப்படியாக எல்லாத் தொடக்க வகுப்புகளுக்கும் விரித்தார்கள். எனவே, அங்கே வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள்தான் இருப்பார்கள் என்று நம் பக்கத்தில் நிலவும் எண்ணம் சரியன்று. நான் பார்த்த வகுப்பில் முப்பதுக்கும் குறையாத பிள்ளைகள் நெருக்கமாகவே உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டடத்தில் என்னை முதலில் நிறுத்தியது ஆசிரியர் அறை. பள்ளியின் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே பெரிய அறையில் எதிரெதிராக மேசைகள் போட்டிருந்தன. ஒரே வகுப்பின் வெவ்வேறு பிரிவுகளுக்குக் கற்பிப்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறார்கள். மாலையில் பிள்ளைகள் போனபின் ஒருவர் நாளைய பாடத்தின் கேள்வியைச் சொல்ல, அடுத்தவர் நிமிர்ந்து பார்த்து மறுமொழி சொல்வதை அங்கே கண்டேன். பாடஆய்வு என்று அவர்கள் வழங்கும் முறைக்கு இந்த அறைதான் வேர் என்பது என் கணிப்பு. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இருவர் பகிர்ந்துகொண்டு, இடைவேளையில் எமிஸ் என்ற இணையத் தகவல் தளத்தில் பதிவதற்குக் கைப்பேசியும் கையுமாக நிற்கும் நம் நிலையில் அந்த வேர் இல்லை. அதற்குப் பதிலாக நம்மிடம் இருப்பது குறுவள மையம் ஒன்றுதான்.

பதின்மூன்று பழம், ஒன்பது பழம்

நான் சென்றது நவம்பர் மாதம். முதல் வகுப்பில் பத்தைத் தாண்டிய எண்ணிலிருந்து கழிக்கும் பாடம் அங்கே இலையுதிர் காலத்தில்தான் வருகிறது. ஆசிரியை கரும்பலகையின் இடது கோடியில் ஒரு காக்கிப் பழ (பெர்சிமன்) மரத்தின் படத்தை ஒட்டி, மரத்தில் 13 பழங்கள் இருந்தன, 9 பழங்களைப் பறித்துவிட்டோம், மீதி எத்தனை என்று கேட்டார். கேள்வி அவ்வளவுதான். விடையை யாரும் கத்திச் சொல்லவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதைத் தாளில் எழுதவோ வரையவோ வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தார். இடையிடையே ஒரு சிறு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். யார் எந்த வழியில் செய்கிறார்கள், யாரை எந்த வரிசையில் கரும்பலகைக்கு அழைப்பது என்பதையே அவர் குறித்தார் என்று பிறகு தெரிந்தது.

முதலில் அழைக்கப்பட்ட பிள்ளை பழங்களை ஒவ்வொன்றாக அடித்து எண்ணியிருந்தது. அடுத்த பிள்ளை 13ஐப் பத்தும் மூன்றுமாகப் பிரித்து, பத்திலிருந்து ஒன்பதை எடுத்தால் ஒன்று, அதோடு மூன்று சேர்ந்தால் நான்கு என்றது. வேறொரு பிள்ளை முதலில் மூன்றைக் கழித்துப் பத்துக்கு வந்து, பின் மீதி ஆறையும் கழித்து நான்கு என்றது. மூன்று வழிகளும் அந்தந்தப் பிள்ளையின் பெயர் அட்டையோடு கரும்பலகையில் இடமிருந்து வலமாக ஏறின. பாடம் முடியும்வரை எதுவும் அழிக்கப்படவில்லை. கடைசி நிமிடத்தில் கரும்பலகையைப் பார்த்தவருக்கு அந்த 45 நிமிடமும் வரிசையாக விளங்கும். பாடம் தொடங்கும் முன்பே கரும்பலகையின் இறுதித் தோற்றத்தைத் தாளில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

13, 9 என்ற எண்கள் தற்செயலாக வந்தவை அல்ல. ஒன்பது பத்துக்கு மிக அருகில் இருப்பதால், பத்திலிருந்து நேராக எடுக்கலாமே என்ற எண்ணம் பிள்ளைக்குத் தானாகத் தோன்றும். 12-3 என்று கொடுத்திருந்தால் இரண்டை முதலில் எடுத்துவிட்டு இன்னும் ஒன்றை எடுப்பதே எளிது. பத்தைத் தொட வேண்டிய தேவையே வராது. எந்த இரண்டு எண்களைக் கொடுப்பது என்பதைப் பற்றி வாரக்கணக்கில் பேசிய ஆசிரியர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாடத்திட்டம் என்று என் கையில் தந்த தாள்களில் ஆசிரியர் என்ன சொல்வார் என்பதற்கு இருந்த இடத்தைவிட, பிள்ளைகள் என்னென்ன சொல்லக்கூடும் என்பதற்கு இருந்த இடம் பெரிது. விரல் விட்டு எண்ணும் பிள்ளை, ஒன்பதிலிருந்து மேலே எண்ணிப் பதின்மூன்றுக்குப் போகும் பிள்ளை, தலைகீழாக ஒன்பதிலிருந்து மூன்றைக் கழித்து ஆறு என்று சொல்லும் பிள்ளை என ஒவ்வொருவரையும் முன்கூட்டியே நினைத்து, அவர்களிடம் என்ன கேட்பது என்றும் எழுதியிருந்தார்கள். நாம் எழுதும் பாடக்குறிப்பு அலுவலர் வந்தால் காட்டுவதற்கு. அந்தத் தாள் பிள்ளைக்காக எழுதப்பட்டது.

அறையின் பின்புறத்திலும் பக்கங்களிலும் இருபது ஆசிரியர்களாவது நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் வகுப்பின் இருக்கைப் படம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். நான் நின்ற இடத்துக்கு அருகில் ஒரு சிறுவன் பென்சிலை உருட்டிக்கொண்டு எதுவும் எழுதாமல் இருந்தான். என் கால்கள் தாமாக அவன் பக்கம் நகர்ந்தன. அக்கா மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சித்தி, அவன்கிட்ட பேசக் கூடாதாம், பாக்க மட்டுந்தான் செய்யணுமாம்" என்று காதில் சொன்னாள். சிறிது நேரத்தில் அவன் பக்கத்து மேசைச் சிறுமி பத்துக் கட்டங்களை வரைவதைப் பார்த்தான், தானும் வரைந்தான், அழித்தான், மறுபடி வரைந்தான். நான் குறுக்கிட்டிருந்தால் அந்த அழித்தலை எவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாடத்துக்குப் பின் கூடியது

பாடஆய்வு நடக்கும் நாளில் அந்த ஒரு வகுப்பைத் தவிர மற்றப் பிள்ளைகள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அதனால்தான் எல்லா ஆசிரியர்களும் ஒரே வகுப்பறையில் நிற்க முடிகிறது. பாடம் முடிந்து அந்த வகுப்பும் போனபின் ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பாடம் நடத்தியவர் முதலில் பேசினார்: தாம் எதிர்பார்த்தது எது, எதிர்பாராதது எது என்று சொன்னார். பின் மற்றவர்கள் பேசினார்கள். கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அத்தனை நேரத்திலும் ஆசிரியையின் குரல், உடை, கையெழுத்து, வகுப்புக் கட்டுப்பாடு என்ற எதைப் பற்றியும் ஒருவரும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எல்லாப் பேச்சும் பிள்ளைகளைப் பற்றியதாகவே இருந்தது. மேலே எண்ணிச் சென்று விடை கண்ட ஒரு பிள்ளை, 'எது எளிய வழி' என்று ஆசிரியை கேட்டதும் தன் தாளை மேசைக்குள் வைத்துவிட்டதை ஒருவர் கவனித்திருந்தார். அந்தக் கேள்வி சற்று முந்திவிட்டதா, அந்தப் பிள்ளையின் வழியையும் கரும்பலகையில் ஏற்றியபின் கேட்டிருக்க வேண்டுமா என்பதைப் பற்றியே கால் மணி நேரம் விவாதித்தார்கள். இறுதியில் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட அனுபவமிக்க கணக்காசிரியர் ஒருவர், பாடத்தைப் பாடநூலின் முந்தைய, பிந்தைய அலகுகளோடு பொருத்திப் பேசினார்.

ஜப்பானிலிருந்து நான் கொண்டுவந்தது இந்த ஒரு மணி நேரத்தை மட்டுமே. மற்றவை எல்லாம் இதற்குத் துணை நிற்பவை.

அங்கிருந்து கொண்டுவரக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளே வகுப்பறையையும் நடைக்கூடத்தையும் கழிப்பறையையும் பெருக்கித் துடைப்பதைப் பார்க்கும் நம் ஊர் ஆசிரியர் எவரும் மனம் நெகிழ்வார். ஆனால் நம் பள்ளிகளில் துடைப்பம் யார் கையில் கொடுக்கப்பட்டது என்ற வரலாறு வேறு. கழிப்பறையைக் கழுவ எந்தத் தெருப் பிள்ளையை அழைத்தார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அது இன்று தண்டனைக்குரிய செயலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் உடன்படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை சாதியைக் காட்ட மாணவர் கைகளில் கட்டும் வண்ணக் கயிறுவரை பேச வேண்டியிருந்தது. இந்த மாவட்டத்தில், யார் பெருக்குவது என்பதைச் சுழற்சி முறைப் பட்டியல் ஒன்றினால் மட்டும் தீர்த்துவிட முடியாது. ஜப்பானியப் பள்ளியின் துடைப்பத்தை அதன் சூழலிலிருந்து பிரித்து இங்கே கொண்டுவருவதை நான் எதிர்க்கிறேன்.

உணவு வேறு. அங்கே பள்ளி உணவுச் சட்டம் 1954இல் வந்தது. பிள்ளைகள் முறைவைத்து வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து தம் வகுப்புக்குத் தாமே பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் அதே உணவை அவர்களோடு உட்கார்ந்து உண்கிறார். நம்மிடமும் இதற்கான மரபு வலுவாக இருக்கிறது. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அதன் தொடக்க ஊர்களில் ஒன்றாக அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரம் இருந்தது. 2022 முதல் காலை உணவும் வந்துவிட்டது. எங்கள் பள்ளியிலிருந்து சேரன்மாதேவி தொலைவில் இல்லை. வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவளித்ததை எதிர்த்து 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய குரல் தமிழக அரசியலையே திருப்பியது. அந்த மண்ணில், எல்லாத் தெருப் பிள்ளைகளும் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் பரிமாறுவது பெரிய செயல். சூடான சாம்பாரைச் சத்துணவுப் பணியாளரே ஊற்றிவிட, முட்டையையும் சுண்டலையும் பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாறும் வழக்கத்தை எங்கள் பள்ளியில் தொடங்கியிருக்கிறோம்.

ஜப்பானிய ஆசிரியர்கள் இதற்கெல்லாம் கொடுக்கும் விலையையும் மறைக்கக் கூடாது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய 2018ஆம் ஆண்டின் டாலிஸ் ஆய்வில் ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பதாகத் தெரிந்தது. பங்கேற்ற நாடுகளின் சராசரி 38 மணி நேரத்தை ஒட்டியது. நான் பார்த்த ஆசிரியர் அறையில் இருட்டிய பின்னும் விளக்கு எரிந்தது. பாடஆய்வை நம் ஆசிரியர் தலையில் இன்னொரு சுமையாக ஏற்றினால் அது ஓராண்டுகூட நிலைக்காது. ஏற்கெனவே நடக்கும் கூட்டம் ஒன்றின் உள்ளடக்கத்தை மாற்றினால் மட்டுமே அது நிற்கும்.

குறுவள மையத்தில் எழுந்த தடை

குறுவள மையக் கூட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கிறது. அங்கே காணொளி ஓடும், ஆசிரியர் பயிற்றுநர் பயிற்சிக் கட்டகத்தை வாசித்து விளக்குவார், குழுச் செயல்பாடு நடக்கும், வருகையைப் பதிந்துவிட்டுக் கலைவோம். பிள்ளை ஒருவர்கூட இல்லாத அறையில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றிப் பேசுகிறோம். இதை மாற்றலாமா என்று நான் கேட்டபோது முதலில் எழுந்தது அமைதி, பின் மூத்த தலைமையாசிரியர் ஒருவர், "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுதிய, நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்மள இத்தன பேரு நின்னு பாத்தா அது விசிட்டுல்லா? பெறவு குறை எழுதுவாவ" என்றார்.

தடையின் முழு வடிவமும் அந்தப் பேச்சில் இருக்கிறது. நம் ஆசிரியரின் வகுப்புக்குள் இன்னொரு பெரியவர் நுழைவது என்றாலே அது பதிவேடு பார்க்க, பயிற்சி நூலைப் புரட்ட, பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்ல என்றே பல தலைமுறையாகப் பழகிவிட்டோம். பார்க்க வந்தவர் முன்னால் நின்று பிள்ளையைக் கேட்கிறார். ஆசிரியர் சுவரோரம் நிற்கிறார். சைதாமாவில் பார்க்க வந்தவர் சுவரோரம் நின்றார். இடம் மாறினால் வேலையும் மாறுகிறது என்று தோன்றியதால், எங்கள் பாடத்துக்கு இரண்டு கட்டுப்பாடுகளை மட்டும் எல்லோரும் ஏற்கும்படி வேண்டினேன்: பார்வையாளர் பிள்ளையிடம் பேசக் கூடாது; பாடத்துக்குப் பின் ஆசிரியரைப் பற்றிப் பேசக் கூடாது, தமக்கு ஒதுக்கிய பிள்ளைகள் செய்ததைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். ஆசிரியர் பயிற்றுநர் தயங்கினாலும் ஒப்புக்கொண்டார். அன்றைய கட்டகத்தைச் சுருக்கி நேரம் ஒதுக்கித் தந்தது அவர்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் பேசி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் அந்தச் சனிக்கிழமை காலை அனுப்பக் கேட்டோம். அன்று சத்துணவு இல்லை என்பதால் பிள்ளைகளைப் பதினோரு மணிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னோம். பீடி சுற்றும் தாய்மார் பலர் இலை வாங்கிவரப் போகும் நேரம் அது. இருந்தும் ஒரே ஒரு பிள்ளை தவிர எல்லோரும் வந்தார்கள்.

உதிரியும் கட்டும்

பாடத்தை நடத்தியவர் அடுத்த ஊர்ப் பள்ளியின் இளம் ஆசிரியை. திட்டத்தை நான்கு பேர் சேர்ந்து எழுதினோம். 13-9 என்ற எண்களை அப்படியே வைத்துக்கொண்டோம்; காக்கிப் பழத்தை மட்டும் மாற்றினோம். பொங்கல் முடிந்த சமயம் என்பதால் பனங்கிழங்கு எங்கும் கிடைத்தது. பத்துக் கிழங்கை ஓலை நாரால் ஒரு கட்டாகக் கட்டி, மூன்றை உதிரியாக விட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தோம். ஒன்பது கிழங்கை விற்றாயிற்று, மீதி எத்தனை என்பது கேள்வி. கட்டு இருப்பதால் பிள்ளைகள் பத்திலிருந்து ஒன்பதை எடுக்கும் வழிக்கு விரைவில் வருவார்கள் என்று, எதிர்பார்க்கும் விடைகளுக்கான பகுதியில் முதலிடம் கொடுத்து எழுதியிருந்தோம்.

நடந்தது வேறு. பெரும்பாலான பிள்ளைகள் முதலில் உதிரி மூன்றையும் எடுத்து ஓரமாக வைத்தார்கள். அதன்பின்னே கட்டை அவிழ்த்து ஆறை எடுத்தார்கள். சைதாமாவில் சிலரே எடுத்த வழியை இங்கே வகுப்பே எடுத்தது. ஆசிரியை ஒரு சிறுமியிடம், ஏன் கட்டிலிருந்து எடுக்கவில்லை என்று கேட்டார். "உதிரிய மொதல்ல குடுத்துட்டுல்லா டீச்சர் கட்ட அவுப்பாவ! எங்க ஆச்சி அப்படித்தான் குடுக்கும்" என்று அவள் சொன்னாள். அவள் ஆச்சி சந்தையில் கிழங்கு விற்பவர். கட்டை முதலில் அவிழ்த்தால் மீதி எல்லாம் உதிரியாகிவிடும், வாங்குபவர் கட்டாகக் கேட்டால் கொடுக்க இருக்காது என்ற வியாபார அறிவு அந்தப் பிள்ளையின் கழித்தலுக்குள் இருந்தது. எங்கள் நால்வருக்கும் தெரிந்த சந்தைதான் அது. திட்டம் எழுதும்போது எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை.

அதன்பின் நடந்த கூட்டம் எங்கள் மையத்தில் நான் இதுவரை கண்டவற்றுள் மிகச் சிறந்த பேச்சு. ஒரு தரப்பு, உதிரியை முதலில் எடுக்கும் வழியும் கணக்குப்படி சரியே, அதையே வளர்க்கலாம் என்றது. மற்றொரு தரப்பு, நாளை 43-9, 103-9 என்று வரும்போது பத்திலிருந்து ஒரே படியில் எடுக்கும் வழி கைவசம் இல்லையென்றால் பிள்ளை திணறும், ஆகவே பொருளை மாற்ற வேண்டும் என்றது. கட்டாக விற்காத பொருள் ஒன்றை, எடுத்துக்காட்டாகப் பத்து முட்டை அடங்கும் அட்டையையும் மூன்று முட்டையையும் கொடுத்தால் பிள்ளை எதைச் செய்யும் என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கும் 'எண்ணும் எழுத்தும்' வகைப்பாட்டில் தொடக்க நிலையான அரும்பில் வைக்கப்பட்டிருந்த ஒரு பையன், யாரும் சொல்லாமலேயே கட்டிலிருந்து ஒன்பதை எண்ணி எடுத்து, மீதி ஒன்றை உதிரியோடு சேர்த்து நான்கு என்றதை அவனைப் பார்த்திருந்த ஆசிரியர் விவரித்தபோது, அவன் வகுப்பாசிரியை வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். மலர் நிலைப் பிள்ளைகள் இருவர் கையில் கிழங்கையே தொடாமல் விடையைச் சொல்லிவிட்டு, எப்படி என்று கேட்டால் விளக்கத் தெரியாமல் நின்றதும் அதே கூட்டத்தில் வெளிவந்தது. எந்த மதிப்பீட்டுத் தாளிலும் இவை இரண்டும் பதிவாகியிருக்காது.

முதலில் தயங்கிய மூத்த தலைமையாசிரியருக்கு ஒதுக்கப்பட்டவர்கள் கடைசி வரிசைப் பிள்ளைகள் இருவர். அவர்களில் ஒருத்தி பாடம் முழுவதும் கிழங்கை முகர்ந்துகொண்டிருந்தாளே தவிர எண்ணவில்லை என்றும், காலையில் அவள் எதுவும் சாப்பிடாமல் வந்திருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். சனிக்கிழமை என்பதால் காலை உணவுத் திட்டம் அன்று இல்லை. இனி விடுமுறை நாளில் பாடம் வைத்தால் பிள்ளைகளுக்கு முதலில் ஏதாவது உண்ணக் கொடுக்க வேண்டும் என்ற முடிவு அங்கேயே எடுக்கப்பட்டது.

மிஞ்சியிருப்பவை

இந்த ஒரு பாடத்தை வைத்து, கற்றல் அடைவு கூடியது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல இந்த ஆய்வு முற்படவும் இல்லை. மாறியதாக உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த பாடத்துக்குத் தங்கள் வகுப்பைத் தர இரண்டு பள்ளிகள் தாமாக முன்வந்தன. நான்காம் வகுப்புப் பின்னம் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. திட்டம் மையத்தின் வாட்ஸாப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் என்ன சொல்லக்கூடும் என்ற பகுதி முதலில் இரண்டு வரியாக இருந்தது, இப்போது ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது. வெளியிலிருந்து பேச வருபவராக முனைஞ்சிப்பட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலிருந்து ஒரு கணக்கு விரிவுரையாளரை அழைக்கும் எண்ணம் இருக்கிறது.

ஈராசிரியர் பள்ளிகளின் சிக்கல் தீரவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் இல்லாத மாதத்தில் வேலை நாளில் பாடம் வைத்தால், பார்க்கப் போகும் ஆசிரியரின் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதற்கு எங்களிடம் விடை இல்லை. ஜப்பானைப் போல மற்றப் பிள்ளைகளை முன்னதாக வீட்டுக்கு அனுப்புவது, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் ஊரில் பொறுப்பான செயல் ஆகாது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களாக இருந்தவர்களின் உதவியை அரை நாளுக்குக் கேட்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அதற்குத் துறையின் ஒப்புதல் வேண்டும்.

வட்டாரக் கல்வி அலுவலர் பின்னப் பாடத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்குத் தருவதைப் போலவே இருக்கைப் படமும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் அவருக்கும் தரப்படும் என்றும், அன்று எந்தப் பதிவேடும் மேசைக்கு வராது என்றும் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் அவரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கியிருக்கிறார்.